மெல்பனிலிருந்து டார்வின் வரை கேரவனில்: இருவர், நான்கு மாதம், கொஞ்சம் பயம்

வெயிலுகந்தாள் (மெல்பன்), பிப்ரவரி 11

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 59 வயது, அவருக்கு 63. டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றார். பொங்கல் கழிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வாசலில் ஒரு கேரவன் வந்து நிற்கிறது. காரின் பின்னால் கோத்து இழுத்துப் போகும் வீட்டு வண்டி. பழையது, 19 அடி, இரட்டை அச்சு. என்னைக் கேட்காமல் வாங்கிவிட்டார் என்று சொல்ல முடியாது, கேட்டார். ஆனால் அதைப் பின்னோக்கி நகர்த்தி நிறுத்தப் போவது யார் என்று மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நேற்று வீட்டு வாசலிலேயே முக்கால் மணி நேரம் ஆயிற்று. எதிர் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

மே மாதம் புறப்படுகிறோம். மில்டுரா, போர்ட் அகஸ்டா, அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் நடுவே தெற்கு வடக்காக ஓடும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை பிடித்து டார்வின். ஆகஸ்ட் கடைசியில் திரும்ப வேண்டும். இதற்குமுன் இருவருமே இழுவை வண்டி ஓட்டியதில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று போய்வந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: கூரையில் சூரியத் தகடு இருக்கிறது, 200 ஆம்ப் மணி லித்தியம் பேட்டரி இருக்கிறது. இட்லிக்கு அரைக்கக் கிரைண்டர் கொண்டுபோகலாமா? மின்சாரம் தாங்காது என்கிறார் அவர்.

கணக்கன் (பெர்த்), பிப்ரவரி 11

அம்மா, மின்சாரம் தாராளமாகத் தாங்கும். மேசைக் கிரைண்டர் 150 வாட்தான். அரை மணி நேரம் ஓடினால் 75 வாட் மணி, அதாவது உங்கள் பேட்டரியில் ஆறு ஆம்ப் மணி சொச்சம். இன்வெர்ட்டருக்கு அது பொருட்டே இல்லை. தாங்காதது எடை.

கேரவனின் பக்கவாட்டில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதில் வெறும் வண்டியின் எடையும், சாமானோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் குடும்பச் சொத்து. உங்கள் அளவு வண்டிகளில் பெரும்பாலும் 400 முதல் 500 கிலோ இருக்கும். அதிலேயே தண்ணீர்த் தொட்டி இரண்டும் நிரம்பினால் 190 கிலோ போய்விடும். எரிவாயு உருளை இரண்டு, உருளையின் எடையும் சேர்த்து முப்பத்தைந்துக்கு மேல். மிச்சம் இருப்பதில்தான் படுக்கை, பாத்திரம், துணி, நாற்காலி, கிரைண்டர் எல்லாம்.

காருக்கும் கணக்கு உண்டு. கேரவனின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கார்க் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். உங்கள் அளவு வண்டிக்கு அது 250 கிலோ போல வரும், அதுவும் காரில் ஏற்றிய சுமையாகத்தான் கணக்காகும். விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்கு வேறொரு வரம்பு இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

கனமானவற்றை அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். பின்புறத்தில் கனம் சேர்ந்தால் வேகத்தில் கேரவன் வாலாட்டும். அப்படி ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் கேரவன் பிரேக் விசையை மட்டும் கையால் அழுத்துங்கள். இதை வீட்டில் உட்கார்ந்து இருவரும் பத்து முறை செய்து பழகுங்கள். ஆடும்போது யோசிக்க நேரம் கிடைக்காது.

சாமான் எல்லாம் ஏற்றியபின் எடை மேடைக்குப் போங்கள். போகாமல் புறப்படாதீர்கள்.

பழைய டிரைவர் (அடிலெய்ட்), பிப்ரவரி 12

இருபத்திரண்டு வருடம் அந்தச் சாலையில் லாரி ஓட்டியவன். உங்களைப் போன்றவர்கள் எங்களைப் பார்த்துப் பயப்படுவீர்கள், தெரியும். நாங்களும் உங்களைப் பார்த்துத்தான் பயந்தோம்.

ரோடு டிரெயின் என்பது ரயில் போலப் பல பெட்டிகளைக் கோத்து இழுக்கும் லாரி, 53.5 மீட்டர் வரை நீளும். அதை முந்த நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அது 90ல் போகிறது, நீங்கள் 100ல் முந்துகிறீர்கள். அதன் நீளம், உங்கள் நீளம், முன்னும் பின்னும் இடைவெளி எல்லாம் சேர்த்தால் 45 வினாடி எதிர்ப் பக்கத்தில் இருப்பீர்கள். அதற்குள் ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடியிருக்கும். எதிரே வருபவனும் அதே நேரத்தில் ஏறக்குறைய அத்தனை தூரம் ஓடி வருவான், ஆகவே அதைப்போல் இரண்டு மடங்கு கண்ணுக்கு முன்னால் காலியாக இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாவிட்டால் முந்தாதீர்கள். அவசரம் என்றால் வீட்டில் இருந்திருக்கலாமே.

உங்களை அது முந்த வந்தால் வேகத்தை மாற்றாதீர்கள், ஓரம் கட்டி மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள். அது வெளியே வந்து உங்கள் பக்கவாட்டுக்கு வந்தபின் மெல்லக் காலை எடுங்கள். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் வானொலிப் பெட்டி கட்டாயம். லாரிக்காரர்கள் 40ஆம் அலைவரிசையில் இருப்பார்கள், கேரவன்காரர்கள் 18ல் அரட்டை அடிப்பார்கள். நெடுஞ்சாலையில் 40லேயே வையுங்கள். கேரவனின் பின்புறத்தில் நீங்கள் கேட்கும் அலைவரிசையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். "கேரவன்காரரே, முந்தட்டுமா" என்று ஒருவன் கேட்டு நீங்கள் பதில் சொன்னாலே பாதி ஆபத்து போயிற்று.

மாலை நான்கரைக்கு மேல் ஓட்டாதீர்கள். கங்காரு வெயில் தாழ்ந்துதான் எழுந்து வரும். குறுக்கே வந்தால் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். கேரவனோடு ஒடித்தால் கங்காரு பிழைக்கும், நீங்கள் கவிழ்வீர்கள். பகலில் பார்க்க வேண்டியது கழுகு. செத்த கங்காருவைத் தின்று வயிறு கனத்திருக்கும், சட்டென்று மேலே எழும்பாது.

மணல்வீடு (சிட்னி), பிப்ரவரி 14

எல்லோரும் சேர்ந்து அக்காவைப் பயமுறுத்துகிறீர்கள். என் கருத்து வேறு. கேரவனை விற்றுவிட்டு ஒரு நல்ல கூடாரம், படுக்கைச் சுருள், ஐஸ் பெட்டி போதும் என்பேன். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார்ச்சாலை. அதில் போய் பாலைவனம் பார்த்தேன் என்று சொல்வது, ரயில் ஜன்னலிலிருந்து ஊர் பார்ப்பது மாதிரி. மாரியிலிருந்து மார்லா வரை ஊட்னடட்டா தடம் இருக்கிறது, 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன பழைய கான் ரயிலின் பாதை அதன் ஓரமாகத்தான் ஓடியது. இடிந்த நிலையங்கள், உப்பு ஏரி, மண்ணுக்குள்ளிருந்து கொப்பளிக்கும் ஊற்றுகள். ஒட்டகக்காரர்கள் நட்ட பேரீச்சை மரங்கள் மாரியில் இன்றும் நிற்கின்றன. அந்த வழியில் போங்கள்.

நாடோடிக் கிழவன் (பிரிஸ்பன்), பிப்ரவரி 14

தம்பி, உங்களுக்கு வயது முப்பதா முப்பத்தைந்தா? நான் 71. இரவில் மூன்று முறை எழுந்து கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து வெளியே போகிற வயது உங்களுக்கு வரட்டும், பிறகு ஐஸ் பெட்டியைப் பற்றிப் பேசலாம்.

ஊட்னடட்டா அழகான தடம், மறுக்கவில்லை. ஆனால் இவர்களுடையது தார்ச்சாலைக்குச் செய்த கேரவன். அந்தத் தடத்தில் மண் அலை அலையாக இறுகிக் கிடக்கும், துணி துவைக்கும் பலகை போல. ஒரு நாள் ஓடினால் அலமாரிக் கதவுகள் திறந்துகொள்ளும், திருகாணிகள் தரையில் உருளும், வாசலுக்கடியில் புகுந்த புழுதி தலையணை உறைக்குள் இருக்கும். எனக்கு நடந்தது. மழை பெய்தால் தடத்தையே மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். அவ்வளவு ஆசை என்றால் கேரவனை ஊரில் நிறுத்திவிட்டு, காரில் ஒரு பகுதி மட்டும் போய்வரட்டும். டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு.

மணல்வீடு, பிப்ரவரி 14

முப்பத்தெட்டு, ஐயா. அந்தக் கடைசி வழி நல்ல வழி, ஒப்புக்கொள்கிறேன். கூடாரத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

வெயிலுகந்தாள், ஏப்ரல் 6

எடை மேடைக்குப் போனோம். தகட்டில் அனுமதி 2,500. மேடை காட்டியது 2,630. அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு எண் இருக்குமோ என்பது போல.

வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் இறக்கிப் பரப்பினோம். அவருடைய கருவிப் பெட்டியில் ஒரே அளவு ஸ்பேனர் மூன்று இருந்தது. பெட்ரோல் ஜெனரேட்டர் போயிற்று. 25 கிலோ அரிசி மூட்டை பத்தாகச் சுருங்கியது. வழியில் ஊர்களே இல்லாதது போல வாங்கி வைத்திருந்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து, தேவைப்படும் பகுதிக்குமுன் மட்டும் நிரப்புவது என்று முடிவு. கடைசியில் கிரைண்டர். குளியலறைத் தராசில் 12 கிலோ. "ஒவ்வொரு கிலோவும் கணக்கு" என்று கணக்கன் தம்பி எழுதாத வாசகத்தை அவர் பெயரில் மேற்கோள் காட்டினார் என் கணவர். கிரைண்டர் வீட்டில், மிக்ஸி வண்டியில். இப்போது எடை 2,450.

கணக்கன், ஏப்ரல் 6

அப்படி நான் எழுதவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். இன்னும் ஒரு இரண்டு கிலோவுக்கு இடம் வையுங்கள்: சக்கர பேரிங் ஒரு ஜோடி, கிரீஸ் ஒரு டப்பா. பழைய வண்டி என்கிறீர்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தனித்துச் சுட்டால் அடுத்த ஊர் வரை காத்திருக்காதீர்கள்.

வெயிலுகந்தாள், மே 19

போர்ட் அகஸ்டாவிலிருந்து எழுதுகிறேன். மில்டுரா தாண்டி, தெற்கு ஆஸ்திரேலிய எல்லைக்குள் யாம்பா சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பழ ஈ பரவாமல் தடுக்கும் ஏற்பாடு என்று தெரியும், ஆப்பிள், ஆரஞ்சு எல்லாவற்றையும் முந்தின இரவே தின்று தீர்த்திருந்தோம். பச்சை மிளகாயும் தக்காளியும் கத்தரிக்காயும் அந்தக் கணக்கில் சேரும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண் அதிகாரி சிரித்த முகமாகக் குளிர்பெட்டியைத் திறந்து, அரைக் கிலோ மிளகாயையும் எடுத்துத் தொட்டியில் போட்டார். இத்தகைய காய்கனி வைத்திருந்தாலே அபராதம் போடலாம். இப்போது மிளகாய் வற்றல் காலம் நடக்கிறது.

வெயிலுகந்தாள், மே 27

போர்ட் அகஸ்டாவுக்கு வடக்கே ஓட்டிப் போய், ஹார்ட் ஏரிக்கரையில் தங்கினோம். ஏரி என்றால் தண்ணீர் இல்லை, உப்பு. கரைக்கும் உப்புக்கும் நடுவே ரயில் பாதை. இரவில் சரக்கு ரயில் ஒன்று வந்தது. விளக்கு தெரிந்து வெகு நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது, சத்தம் வந்து வெகு நேரம் கழித்துத்தான் வண்டி கடந்தது. அத்தனை தட்டையான நிலம்.

கிளெண்டம்போவில் டீசல் நிரப்பினோம். அடுத்த டீசல் கூபர் பீடியில், 250 கிலோமீட்டருக்கு மேல். எதிர்க்காற்று அடித்தது. வீட்டில் 10 லிட்டரில் நூறு ஓடுகிற கார், அன்று 20 குடித்தது. அவர் வேகமானியைப் பார்க்கவில்லை, டீசல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். வேகத்தை 85க்கு இறக்கச் சொன்னேன், இறக்கியதும் முள் விழுவது நிதானமாயிற்று.

கூபர் பீடியில் ஐந்து நாள். 1915ல் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அங்கே ஓபல் என்ற மணிக்கல்லைக் கண்டெடுத்ததில் தொடங்கிய ஊர். வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் குன்றைக் குடைந்து உள்ளே வாழ்கிறது. உள்ளே கோடையிலும் குளிரிலும் 23, 24 டிகிரி. நிலத்தடியில் தேவாலயம்கூட இருக்கிறது. ஊருக்கு வெளியே எங்கு பார்த்தாலும் கறையான் புற்றுப் போல மண் குவியல்கள், ஒவ்வொன்றின் அருகிலும் மூடாத குழி. படம் எடுக்கும்போது பின்னால் நகராதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் கிளறலாம் என்று விட்டிருக்கும் குவியலில் அவர் நாள் கணக்காக உட்கார்ந்து கல் பொறுக்கினார். நான் காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் நின்று தொட்டியை நிரப்பினேன். அந்த ஊரில் எது விலையுயர்ந்தது என்று யோசித்தேன்.

வெயிலுகந்தாள், மே 30

கணக்கன் தம்பி நூறாண்டு வாழ்க.

கூபர் பீடி தாண்டி ஒரு ஓய்விடத்தில் நிறுத்தினோம். வழக்கப்படி நான் இடது பக்கம், அவர் வலது பக்கம். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இதுவே பழக்கமாகிவிட்டது. இடது பின்சக்கரத்தில் புறங்கையை வைத்த வேகத்தில் எடுத்தேன். இஸ்திரிப் பெட்டி.

கழற்றிப் பார்த்தால் உள்ளே கிரீஸ் என்று சொல்ல ஏதும் இல்லை. புறப்படும்முன் மெல்பனில் ஒரு பட்டறையில் காசு கொடுத்து, நான்கு சக்கரத்துக்கும் கிரீஸ் வைத்ததாக ரசீதும் வாங்கியிருந்தோம். மூன்றுக்கு வைத்தார்களோ என்னவோ. பேரிங்கின் ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது. கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. அப்போது குவீன்ஸ்லாந்துத் தம்பதி ஒருவர் வண்டியை நிறுத்தினார்கள். எங்களைவிட மூத்தவர்கள். அந்த மனிதர் "பேரிங் வைத்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் காட்டியதும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். ஈ மொய்த்த மொய்ப்பில் நானும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு துண்டால் ஆண்களுக்கு விசிறிக்கொண்டே நின்றோம். மதியச் சாப்பாடாக எலுமிச்சைச் சாதம் கொடுத்தேன். எலுமிச்சை, மிளகாய் வற்றல் இரண்டும் போர்ட் அகஸ்டாவில் வாங்கியவை என்பதைச் சோதனைச் சாவடிக்காரர்கள் கவனிக்க.

மார்லா வரை 60ல் ஊர்ந்தோம். இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கித் தொட்டுப் பார்த்தேன்.

கணக்கன், மே 30

மற்ற மூன்றையும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் திறந்து பார்த்துவிடுங்கள். ரசீதை நம்பாதீர்கள்.

ஆலிஸ்வாசி (ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்), ஜூன் 2

அக்கா, இங்கே ஒன்பது வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். உலுருப் பாறையைப் பார்த்து முடித்துத்தானே வருகிறீர்கள்? இரவுக் குளிரைக் குறைத்து எண்ணாதீர்கள். ஜூன், ஜூலையில் ஆலிஸில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். வெளியே இணைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை இரவில் கழற்றி வையுங்கள், காலையில் உறைந்திருக்கும்.

ஊருக்கு மேற்கே ஜான் ஃபிளின் கல்லறை இருக்கிறது. 1928ல் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கியவர். நீங்கள் வந்த நெடுஞ்சாலையில் சில இடங்களில் விமான ஓடுபாதைக் கோடுகள் போட்டிருப்பார்கள், கவனித்தீர்களா? நோயாளியை ஏற்ற விமானம் அந்தச் சாலையிலேயே இறங்கும். அவர் கல்லறை மேல் இருக்கும் பாறைக்கு ஒரு கதை உண்டு. ஐம்பதுகளில், இங்கிருந்து வடக்கே உருண்டைப் பாறைகள் குவிந்து கிடக்கும் கார்லு கார்லுவிலிருந்து ஒன்றைப் பெயர்த்து வந்து இங்கே வைத்துவிட்டார்கள். அந்த மண்ணுக்குரிய பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் பாறை இல்லை. பல பத்தாண்டுகள் கேட்டுக் கேட்டு, 1999ல்தான் அது ஊர் திரும்பியது. ஃபிளினுக்கு இங்குள்ள அரெர்ண்ட மக்கள் தங்கள் நிலத்திலிருந்து வேறொரு கல் கொடுத்தார்கள். முதலில் கல்லறையைப் பார்த்துவிட்டு, பிறகு கார்லு கார்லு போங்கள்.

மணல்வீடு, ஜூன் 3

உலுருவில் ஏற விடாதது எனக்கு இன்னும் வருத்தம்தான். 2015ல் போனபோது காற்று என்று மூடிவிட்டார்கள், மறுபடி போகலாம் என்று இருந்தேன்.

ஆலிஸ்வாசி, ஜூன் 3

2019 அக்டோபர் 26ல் ஒரேயடியாக மூடினார்கள். 1985ல் அதே தேதியில்தான் நிலம் அதற்குரிய அனங்கு மக்களுக்குத் திரும்பியது. அதன்பிறகும் முப்பத்து நான்கு வருடம் சங்கிலியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள், "ஏறாதீர்கள்" என்று அவர்கள் பலகை வைத்தபின்னும் அதன் பக்கத்திலேயே. உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தில் ஒருவன் செருப்போடு ஏறிப் படம் எடுத்தால் என்ன செய்வீர்கள்?

மணல்வீடு, ஜூன் 4

சரி. அந்தப் பலகையை நான் படித்திருக்கிறேன் என்பதும் உண்மை.

வெயிலுகந்தாள், ஜூன் 24

உலுருவின் அடிவாரத்தைச் சுற்றி நடந்தோம், பத்தரைக் கிலோமீட்டர். படத்தில் பார்த்துப் பார்த்து வழவழப்பான ஒரே கல் என்று நினைத்திருந்தேன். கிட்டப் போனால் மீன் செதில் போலச் சிவப்பு உரிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. சில மடிப்புகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை. அவர் கைப்பேசியைப் பையில் போட்டு ஜிப்பை மூடினார்.

கல்லறையைப் பார்த்துவிட்டுத்தான் கார்லு கார்லு போனோம், ஆலிஸ்வாசி. மாலை வெளிச்சத்தில் அத்தனை உருண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, திரும்பி வந்தது எதுவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

மிக்ஸியில் அரைத்த இட்லி மாவு என்ன ஆயிற்று என்று யோசிப்பவர்களுக்கு: ஆலிஸில் மூன்று நாள் வைத்தும் பொங்கவில்லை. போர்வையில் சுற்றினேன், காரில் மதிய வெயிலில் வைத்தேன், அசையவில்லை. தோசையாக ஊற்றித் தீர்த்தோம். மட்டரங்காவில் வெந்நீர் ஊற்றில் கழுத்து வரை மூழ்கி ஒரு மணி நேரம் கிடந்துவிட்டு வந்து கேரவன் கதவைத் திறந்தால், மாவு மூடியைத் தள்ளி, அலமாரி விளிம்பில் வழிந்து, அவருடைய சாலை வரைபடத்தில் டென்னன்ட் கிரீக்கை முழுவதுமாக மூடியிருந்தது. அன்றைக்குத்தான் பயணத்தின் முதல் நல்ல இட்லி.

நாடோடிக் கிழவன், ஜூன் 25

பின்னோக்கி நிறுத்துவது எப்படிப் போகிறது? அதை மட்டும் சொல்லாமல் தப்பித்துக்கொண்டே வருகிறீர்கள்.

வெயிலுகந்தாள், ஜூன் 25

ஐயா, இரண்டாவது வாரத்தோடு நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன், அவர் வெளியே நிற்கிறார். கை காட்டுவதைத் தடை செய்துவிட்டேன். அவர் கை காட்டினால் விமானத்தை இறக்குவது போல இருக்கிறது. வானொலியில் இரண்டே சொல்: "வா", "நில்". முகாமில் யாரும் இப்போது நாற்காலி போடுவதில்லை.

வெயிலுகந்தாள், செப்டம்பர் 2

வீடு வந்து சேர்ந்தோம். 9,400 கிலோமீட்டர், 1,600 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக டீசல். ஒரு பேரிங், ஒரு டயர், முன் கண்ணாடியில் ஒரு கல் தெறிப்பு. சண்டைகளை எண்ணவில்லை.

தண்ணீர்த் தொட்டியைப் போகும்போது இருந்த அளவிலேயே வைத்து, அதே எடை மேடையில் ஏற்றினோம். அரிசி தீர்ந்துவிட்டது, எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஆனால் 2,465. பதினைந்து கிலோ கூடியிருக்கிறது. புழுதியாக இருக்கும் என்றார். நான் கட்டிலைத் தூக்கினேன். அடியில், அவருடைய பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி, ஒரு வாளி நிறைய கூபர் பீடிக் கல். குளியலறைத் தராசில் 11 கிலோ. ஓபல் வியாபாரி ஒருவரிடம் காட்டினோம். நிறம் ஏறாத வெறும் கல், காசு பெறாது என்று சொல்லிவிட்டார்.

என் கிரைண்டர் 12 கிலோ.

கணக்கன், செப்டம்பர் 2

வாளி அச்சுக்கு முன்னால் இருந்ததா, பின்னாலா?